தேக்கு மச்சுக்கு மேல் இரண்டு அங்குலக் குழாய் ஏசி: வைக்கலாமா, எப்படி வைப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பழைய ஓட்டு வீடு, ஓட்டுக்குக் கீழே தேக்குப் பலகை மச்சு, குளிரூட்ட வேண்டியது சுமார் 1,300 சதுர அடி. சுவரை உடைக்கக் கூடாது, ஐந்து ஸ்பிளிட் ஏசி மாட்டி வீட்டைச் சுற்றி ஐந்து பெட்டி தொங்கவும் கூடாது. ஒரு காண்ட்ராக்டர் "சாதாரண டக்டபிள் (டக்ட், அதாவது காற்றுக்குழாய் வழியே ஊதும்) மெஷினே போதும், அதிலிருந்து இரண்டு அங்குல ஹோஸ் இழுத்து மச்சில் ஓட்டை போட்டுத் தருகிறேன்" என்கிறார். செய்யலாமா? தேவிகுளத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்கு இதையே சூடாக்கவும் வைக்க முடியுமா?

சின்னக் குழாய் ஏசி, அதாவது ஒரே மெஷினிலிருந்து பல இரண்டு அங்குலக் குழாய்களில் காற்றை வேகமாக அனுப்பும் முறை, உங்கள் வீட்டுக்குப் பொருந்தும். ஆனால் அந்தக் காண்ட்ராக்டர் சொல்வது சின்னக் குழாய் ஏசி அல்ல. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குழாயில் இல்லை, ப்ளோயரில் (காற்றைத் தள்ளும் விசிறியில்) இருக்கிறது. இங்கே கடையில் கிடைக்கும் டக்டபிள் மெஷின்கள் பெரும்பாலும் 50 முதல் 150 பாஸ்கல் அழுத்தத்துக்குள் வேலை செய்பவை. அகலமான தகர டக்டில் ஒரு டன்னுக்கு 400 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 400 கன அடி) காற்றை மெதுவாகத் தள்ளுவதற்கு அது போதும். சின்னக் குழாய் முறைக்கென்று செய்த ஏர் ஹேண்ட்லர் (காற்றைக் குளிரவைத்துத் தள்ளும் உள்பெட்டி) 300 பாஸ்கலுக்கு, அதாவது 1.2 அங்குல நீர் உயரத்துக்குக் குறையாமல் அழுத்தம் தரும். டன்னுக்கு 220 முதல் 350 சி.எஃப்.எம். வரைதான் காற்று. காற்றைக் குறைத்து, அதை இன்னும் குளிரவைத்து, வேகமாக அனுப்புவதுதான் இதன் தொழில். சாதாரண மெஷினில் இரண்டு அங்குலக் குழாய் போட்டால் காற்று பாதிகூடப் போகாது, காயிலில் (காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச் சுருளில்) ஐஸ் கட்டும், அந்த ஐஸ் உருகும்போது தேக்குப் பலகை நனையும். உங்களுக்குச் சாதாரண டக்டபிள்தான் கைக்கு எட்டுகிறது என்றால் 150 மி.மீ. ஃப்ளெக்ஸிபிள் டக்ட், எட்டுப் பத்து கிரில் என்று முறையாகப் போடச் சொல்லுங்கள். அழகு கொஞ்சம் குறையும், வேலை நடக்கும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்த முறை பரவியதற்குக் காரணம், வெந்நீர் ரேடியேட்டர் வைத்த பழைய வீடுகளில் டக்ட் போட இடமில்லாததுதான். அங்கே வறண்ட குளிர்காலம் உண்டு. பாலக்காட்டுக் கணவாயில் நிலைமை வேறு. ஆனி, ஆடியில் காற்று நம் பக்கம் வீசும்போது ஓட்டு இடுக்கு வழியாக மச்சுக்கு மேலே முழுக்க ஈரக்காற்று. ஆகவே, அவர்கள் கையேட்டில் இருப்பதை அப்படியே செய்தால் குளிர் வரும், கூடவே தண்ணீரும் சொட்டும். இந்த ஊரில் இந்த ஏசி தோற்பதென்றால் தண்ணீரால்தான் தோற்கும். கீழே சொல்வதில் பாதி அதைப் பற்றியதுதான்.

முதலில் கணக்கு. மச்சுக்கு மேல் ராக் வூல் (வெப்பம் தடுக்கும் பஞ்சு) விரித்த பிறகு 1,300 சதுர அடிக்கு 3 டன் போதும். விரிக்காமல் 5 டன் வைத்தாலும் மேற்கு அறை சித்திரையில் வேகும். 3 டன் மெஷினுக்கு, டன்னுக்கு 250 வீதம் 750 சி.எஃப்.எம். ஒரு இரண்டு அங்குல வாயில் (அறைக்குள் காற்று இறங்கும் துளையில்) 35 முதல் 40 சி.எஃப்.எம். வரைதான் சத்தமில்லாமல் போகும். அப்படியென்றால் 20 வாய் வேண்டும். இதில் கஞ்சத்தனம் பண்ணவே கூடாது. பத்து வாயில் அடக்கிவிடலாம் என்றால் சீறல் சத்தம் கேட்கும், மொத்தக் காற்று குறையும், காயில் உறையும். கூடத்துக்கு 6, மேற்குப் படுக்கையறைக்கு 5, மற்ற இரண்டு அறைக்கு மும்மூன்று, சாப்பாட்டு அறைக்கு 3 என்று பங்கு போடலாம். நடுமுற்றம் திறந்திருந்தால் அதையொட்டிய தாழ்வாரத்தைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். இடையில் கதவு வேண்டும், அது சாத்தியிருக்கவும் வேண்டும்.

வாய் வைக்கும் இடம் அறையின் மூலை, சுவரிலிருந்து ஆறேழு அங்குலம் தள்ளி. வெளியே வரும் காற்று விநாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் தரையை நோக்கிப் பாயும்; பாயும்போதே பக்கத்துக் காற்றை இழுத்துக் கலந்துகொள்ளும். அதனால்தான் அறை முழுக்க ஒரே குளிர்ச்சி கிடைக்கிறது. கட்டிலுக்கு மேலே, சாப்பாட்டு மேசைக்கு மேலே, பூஜை அறை விளக்குக்கு நேரே வைத்துவிட்டால் அந்த வீட்டில் தினமும் சண்டைதான்.

மச்சில் ஓட்டை போடுமுன் 6 மி.மீ. பிட்டால் ஒரு சின்னத் துளை போட்டு, ஒரு கம்பியை நுழைத்து விட்டு, மேலே ஏறிப் பாருங்கள். குழாயின் உள்விட்டம் இரண்டு அங்குலம்தான் என்றாலும் காப்புறையோடு சேர்த்து நான்கு அங்குலம் வரும். எனவே 100 மி.மீ. ஹோல்சா (வட்டத் துளை அறுக்கும் ரம்பம்) வேண்டும். மச்சைத் தாங்கும் மர விட்டம் இரண்டுக்கு நடுவே துளை வரவேண்டும். மர விட்டத்தின் ஓரத்தைச் செதுக்கி இடம் பண்ணலாம் என்று யாராவது சொன்னால் வேலையை நிறுத்துங்கள். பலகையைப் பாதி மேலிருந்தும் மீதி கீழிருந்தும் அறுத்தால் பிசிறு வராது. சில பழைய வீடுகளில் பலகைக்கு மேல் மண் கொட்டியிருக்கும். அப்படியிருந்தால் துளையைச் சுற்றி ஒரு தகர வளையம் இறக்கி மண்ணைத் தடுத்துவிட்டு அறுக்க வேண்டும், இல்லையென்றால் மொத்த மண்ணும் கூடத்துக்குள் வந்துவிடும்.

ஏர் ஹேண்ட்லரை மச்சுப் பலகைமேல் உட்கார வைக்கக் கூடாது. பலகை மத்தளம் மாதிரி அதிரும். இரண்டு உத்தரத்துக்குக் குறுக்கே சி-சேனல் போட்டு, 10 மி.மீ. த்ரெட் ராட் நான்கில், ரப்பர் அல்லது ஸ்ப்ரிங் ஹேங்கர் வைத்துத் தொங்கவிடுங்கள். மெஷின் வாங்குமுன் மச்சு ஏணி வாசலை அளந்து கொள்ளுங்கள். பெட்டி பிரித்து ஏற்றக்கூடியதா, ஒரே துண்டா என்று அப்போதே கேட்க வேண்டும். ஓட்டைப் பிரித்து இறக்குவதும் ஒரு வழிதான், ஆனால் பழைய மங்களூர் ஓடு பாதி உடையும், அதே அளவு திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

ஹேண்ட்லரிலிருந்து கிளம்பும் ப்ளீனம் (சின்னக் குழாய்கள் பிரியும் பெரிய குழாய்) 3 டன்னுக்கு 9 அங்குல வட்டக் குழாய். டீ (T வடிவ இணைப்பு) போட்டு இரண்டு கிளையாக, பக்கத்துக்குப் பத்து வாய் என்று பிரித்தால் அழுத்தம் சமமாக இருக்கும். குழாய் எடுக்கும் துளைகளுக்கு இடையே குறைந்தது ஆறு அங்குலம். டீயையோ முழங்கையையோ ஒட்டி ஒன்றரை அடிக்குள் எடுக்கக் கூடாது, அங்கே காற்று சுழலும். ப்ளீனத்தின் கடைசி மூடியில் துளை போடுவது இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு. அந்த ஒரு வாய் மட்டும் பேயாக ஊதும், மற்றவை வாடும். ஒவ்வொரு குழாயும் குறைந்தது 10 அடி இருக்கட்டும்; பக்கத்து அறைதானே என்று 4 அடியில் முடித்தால் ப்ளோயர் சத்தம் அப்படியே கீழே இறங்கும். மிச்ச நீளத்தை வளைத்து விட்டுவிடலாம், ஆனால் மடிந்து நெரியக் கூடாது. 25 அடியைத் தாண்டினால் காற்று குறையும், அந்த அறைக்கு ஒரு வாய் கூட்டிக்கொள்ளுங்கள். கடைசி மூன்றடி, சத்தம் உறிஞ்சும் குழாயாக இருக்க வேண்டும்.

ரிட்டர்ன் (அறைக் காற்று மெஷினுக்குத் திரும்பும் வழி) ஒன்றே ஒன்று போதும், ஆனால் பெரியதாக. ஃபில்டர் கிரில் 20 அங்குலத்துக்கு 24 அங்குலம் வைத்தால் 750 சி.எஃப்.எம். நிமிடத்துக்கு 225 அடி வேகத்தில் மெதுவாக நுழையும், சத்தம் கேட்காது. அங்கிருந்து ஹேண்ட்லர்வரை 18 அங்குல ஃப்ளெக்ஸிபிள் டக்ட், 10 அடிக்குக் குறையாமல், நடுவே ஒரு 90 டிகிரி வளைவோடு. கிரில் வழியே பார்த்தால் ப்ளோயர் கண்ணுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அதன் சத்தமும் கேட்கும். அறைக் கதவுகளுக்கு அடியில் முக்கால் அங்குலமாவது இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் கதவு சாத்தியதும் காற்று திரும்பி வர வழியில்லாமல் போய்விடும்.

இனி தண்ணீர். ஆனி மாத இரவில் மச்சுக்கு மேல் 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதைத் தொட்டாலும் நீராகப் படியும். உங்கள் ப்ளீனத்துக்குள் ஓடும் காற்றோ 10, 11 டிகிரி. 13 மி.மீ. நைட்ரைல் (காப்பு ரப்பர்) சுற்றினால் வெளிப்புறம் ஏறக்குறைய 24 டிகிரி வரும், அதாவது வியர்க்கும். ப்ளீனத்துக்கு 25 மி.மீ. போட்டால் பனிநிலைக்கு (ஈரம் நீராகப் படியும் அந்த 25 டிகிரிக்கு) மேலே தப்பிக்கும். கம்பெனி தரும் இரண்டு அங்குலக் குழாய் காப்புறையோடு வந்தாலும் அதன் வெளி உறை கிழியாமல் இருக்க வேண்டும். ஆணி கீறிய ஒரு அங்குலக் கிழிசல் போதும்: ஈரம் உள்ளே புகுந்து பஞ்சை ஊறவைத்து, வாய்க்குப் பக்கத்தில் மச்சுப் பலகையில் கை அகலத்துக்குக் கறுப்பு வட்டம் விழும். அதைப் பார்த்து ஓடு ஒழுகுகிறது என்று நினைத்து ஆளைக் கூப்பிட்டு ஓட்டை மாற்றுவார்கள், அது மழை விட்ட பிறகும் வளரும். ஈரம் பட்ட மரத்துக்குக் கரையான் தேடி வரும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ஒவ்வொரு இணைப்பிலும் முதலில் மாஸ்டிக் (இடுக்கை அடைக்கும் பூச்சு), அது காய்ந்தபின் அலுமினியம் டேப், அதன்மேல் நைட்ரைல், நைட்ரைல் ஓரங்களுக்குப் பசை. துணி டேப் வேண்டாம், ஓட்டுச் சூட்டில் இரண்டு கோடையில் உரிந்துவிடும். இந்த முறையில் அழுத்தம் அதிகம் என்பதால் சின்ன ஓட்டைகூட நிறையக் காற்றை விழுங்கும். எல்லா வாயையும் அடைத்துவிட்டு ப்ளோயரைக் கொஞ்ச நேரம் ஓட்டி, ஊதுபத்திப் புகையை இணைப்புக்கு இணைப்பு காட்டிக்கொண்டே போங்கள். புகை விலகும் இடத்தில் கசிவு. ரிட்டர்ன் பக்கம் புகை உள்ளே இழுக்கப்படும். அங்கே கசிவிருந்தால் மச்சுக்கு மேலுள்ள ஈரமும் தூசியும் நேராகக் காயிலுக்குப் போகும், அதனால் அது இன்னும் மோசம். மச்சுப் பலகைகளின் இடுக்கையும் அடைக்க வேண்டும். ராக் வூல் 50 மி.மீ. விரிக்கும்போது அலுமினிய ஃபாயில் மேலே பார்க்கட்டும். ஈரம் வருவது மேலிருந்து, தடையும் அங்கேதான் வேண்டும். பலகைமேல் பாலித்தீன் விரித்து அதன்மேல் பஞ்சு போடுவது தலைகீழ் வேலை, பாலித்தீனின் மேல் தண்ணீர் நிற்கும்.

ட்ரெயின், அதாவது காயிலில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் குழாய் விஷயத்துக்கு வருவோம். மழைக்காலத்தில் 3 டன் மெஷின் மணிக்கு 4 முதல் 5 லிட்டர் தண்ணீர் பிழியும். பல ஹேண்ட்லர்களில் ப்ளோயர் காயிலுக்குப் பின்னால் இருக்கும், அதாவது காயில் பெட்டிக்குள் உறிஞ்சும் அழுத்தம். ட்ராப் (தண்ணீர் தேங்கிக் காற்றைத் தடுக்கும் வளைவு) இல்லாவிட்டால் ட்ரெயின் குழாய் வழியாகக் காற்று உள்ளே வரும், தண்ணீர் வெளியே போகாமல் ட்ரேயில் துள்ளும், ப்ளோயர் அதை ப்ளீனத்துக்குள் தெளிக்கும். எனவே 75 மி.மீ. ஆழத்தில் ஒரு பி-ட்ராப், ட்ரேக்குச் சற்றுக் கீழே. குழாய் 25 மி.மீ. யு.பி.வி.சி., மீட்டருக்கு 20 மி.மீ. சரிவு, மேலே திருகு மூடி வைத்த டீ. பாசி பிடிக்கும்போது அதன் வழியேதான் குத்திக் கழுவ வேண்டும். ட்ராப்புக்கும் ட்ரெயினுக்கும்கூட 9 மி.மீ. நைட்ரைல் சுற்றுங்கள். ஹேண்ட்லருக்குக் கீழே இரண்டாவதாக ஒரு பெரிய தகர ட்ரே, அதில் ஃப்ளோட் ஸ்விட்ச். தண்ணீர் அரை அங்குலம் ஏறினால் கம்ப்ரஸர் நிற்க வேண்டும். பலரும் இதைச் செலவு என்று விட்டுவிடுகிறார்கள். நூறு ஆண்டுத் தேக்கின் விலையை நினைத்துக்கொண்டு அந்த ஸ்விட்சை வாங்குங்கள். அந்த ட்ரேயின் தனிக் குழாயைக் கண்ணில் படும் இடத்தில், முன் வாசல் ஓரமாகவே இறக்கிவிடுங்கள். அதில் சொட்டினால் ஏதோ தப்பு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முதல் ட்ரெயின் வாழைக்குப் போகட்டும்.

கேஸ் பக்கம் சுருக்கமாகவே சொல்கிறேன், நல்ல மெக்கானிக்குக்கு இது புதிதல்ல. பிரேஸிங் செய்யும்போது, அதாவது செம்புக் குழாய்களைப் பற்றவைக்கும்போது, குழாய்க்குள் நைட்ரஜன் மெல்ல ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே கறுப்புச் செம்பு ஆக்ஸைடு படிந்து எக்ஸ்பான்ஷன் வால்வை (காயிலுக்குள் கேஸை அளந்து விடும் வால்வை) அடைக்கும். பிறகு நைட்ரஜனில் 400 பி.எஸ்.ஐ. ஏற்றி ஒரு நாள் விட்டுப் பார்ப்பது, குழாய்க்குள் இருப்பதை உறிஞ்சி 500 மைக்ரானுக்கு (வெற்றிட அளவு) கீழே வேக்யூம் கொண்டுவருவது, பம்பை நிறுத்தினாலும் அது ஏறாமல் நிற்பது. "கேஜ் முள் கீழே வந்துவிட்டது, போதும்" என்பவரிடம் மைக்ரான் கேஜ் இருக்காது. சக்‌ஷன் குழாய்க்கு (கேஸ் கம்ப்ரஸருக்குத் திரும்பும் குழாய்) 19 மி.மீ. நைட்ரைல். ஒன்றை மட்டும் வாங்குமுன் கவனியுங்கள்: இன்வெர்ட்டர் அவுட்டோர் யூனிட் பெரும்பாலும் தன் கம்பெனி இன்டோரோடு மட்டுமே பேசும். வேறு கம்பெனி ஹேண்ட்லரோடு சேர்க்க வேண்டுமென்றால் ஒரே வேகத்தில் ஓடும் அவுட்டோர், அதே டன்னுக்கான எக்ஸ்பான்ஷன் வால்வு, காயிலில் உறைநிலை கட்-அவுட் மூன்றும் வேண்டும். கரன்டுக்குத் தனி லைன், 6 சதுர மி.மீ. செம்புக் கம்பி, 32 ஆம்பியர் சி-வகை எம்.சி.பி. சித்திரை மாத ராத்திரி எட்டு மணிக்கு உங்கள் வீட்டில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்துவிட்டு அவுட்டோரை முடிவு செய்யுங்கள்.

ஓட ஆரம்பித்ததும் அழுத்தத்தை அளக்க வேண்டும். மானோமீட்டர் இல்லையென்றால் கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபே போதும். ஒரு முனையை ப்ளீனத்தின் நடுப்பகுதியில் சின்னத் துளையில் செருகி, டியூபைக் கீழே 'யு' போல வளைத்துப் பாதி தண்ணீர் விட்டு, மறுமுனையைத் திறந்து விடுங்கள். இரண்டு பக்கத் தண்ணீருக்கும் 30 மி.மீ. வித்தியாசம் வந்தால் 1.2 அங்குலம் சரியாக வருகிறது. 15 மி.மீ. என்றால் எங்கோ கசிகிறது, அல்லது ப்ளோயர் தளர்ந்திருக்கிறது. 45 மி.மீ. தாண்டினால் வாய்கள் போதவில்லை, அல்லது ஏதோ குழாய் நெரிந்திருக்கிறது. பிறகு ஒவ்வொரு வாயிலும் அனிமோமீட்டர் (காற்று வேகமானி) பிடித்துப் பாருங்கள். அதிகம் ஊதும் கிட்டத்து வாய்களுக்குக் குழாய் தொடங்கும் இடத்தில் துளையைச் சிறிதாக்கும் வளையம் போட்டுச் சமன் செய்யலாம். ரிட்டர்னுக்கும் வாய்க்கும் வெப்ப வித்தியாசம் 14 முதல் 17 டிகிரி வரும். சாதாரண ஏசியில் 10, 12 பார்த்துப் பழகிய மெக்கானிக் இதைக் கண்டு கேஸ் அதிகம் என்று இறக்கிவிடப் பார்ப்பார், விடாதீர்கள்.

ஆளில்லாத அறையின் வாய்களைத் துணி வைத்து அடைக்கும் பழக்கம் இதில் உதவாது. மூன்று அடைத்தால் மற்றவை சீறும், ஆறு அடைத்தால் காயில் உறையும். மழைக்காலத்தில் முதன்முதல் போடும் நாளில் வீடே ஈரமாக இருக்கும். சன்னல்களைச் சாத்தி, 27 டிகிரியில் வைத்து, அரை நாள் ஓடவிட்ட பிறகு கீழே இறக்குங்கள். இல்லையென்றால் வாய் வளையங்கள் சொட்டும். மார்கழி, தை முழுக்க ஓட்டாமல் விட்டால் ட்ராப் வற்றிவிடும், மாசியில் போடுமுன் அதில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். மரநாய், உங்கள் பக்கம் மரப்பட்டி என்பார்கள், மச்சுக்கு மேல் குடியிருந்தால் அதை விரட்டி, ஓட்டு இறவாரம் முழுக்கக் கம்பி வலை அடித்த பிறகுதான் குழாயே ஏற வேண்டும். மெத்தென்ற காப்புறை அதற்கும் எலிக்கும் பிரசவ அறை.

சூடாக்கும் வசதி உங்கள் வீட்டுக்குத் தேவையில்லை, அதற்குக் காசு கொடுக்காதீர்கள். தேவிகுளத்துத் தம்பிக்குத் தேவைதான், ஆனால் அங்கே குளிரூட்டவே அவசியமில்லை என்பதால் இவ்வளவு பெரிய வேலையும் வேண்டாம். இரண்டு அறைக்கு ஹாட் அண்ட் கோல்ட் ஸ்பிளிட் போதும். வீடு முழுக்க ஒரே மாதிரி வெதுவெதுப்பு வேண்டுமென்று அவர் பிடிவாதம் பிடித்தால் இதே ஹேண்ட்லரை ஹீட் பம்ப் (சூடாக்கவும் செய்யும்) அவுட்டோரோடு வைக்கலாம். சூடாக்கும்போது காற்று குறைந்தால் கம்ப்ரஸர் அழுத்தம் ஏறி ட்ரிப் ஆகும், அதனால் வாய் எண்ணிக்கை அங்கே இன்னும் கறார். மார்கழி, தை ராத்திரியில் வெப்பம் பூஜ்யத்தை நெருங்கும்போது அவுட்டோர் காயிலில் பனி பிடிக்கும். மெஷின் அவ்வப்போது திரும்பி ஓடி அதை உருக்கும், அந்தச் சில நிமிடம் உள்ளே குளிர்ந்த காற்று வரும். உருகிய தண்ணீர் அடியிலேயே மறுபடி உறையாமல் இருக்க அவுட்டோரை ஓரடி உயர ஸ்டாண்டில், நடைபாதையை விட்டுத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.